பேக் அம்பு எங்கே போக வேண்டும்

பிரௌசரின் இடது மூலையில் இருக்கும் பேக் அம்பைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் பதினோரு வருடமாக இ-சேவைக் கடை நடத்துகிறவளுக்கு இந்த உரிமைகூட இல்லை என்றால் எப்படி.

கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் நான், இன்னொன்றில் என் நாத்தனார். நான் பெரம்பலூர்க்காரி, கல்யாணமாகி அரியலூர் வந்தவள். சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களில் பாதி நசுங்கிவிட்டன, பெரம்பலூரில் கல்லூரி லேபில் பழகிய ஒழுங்கு மட்டும் நசுங்கவில்லை என்று நானே பெருமையடித்துக்கொள்வேன். அந்த ஒழுங்கைப் பார்க்க வேண்டுமானால் என் பிரௌசரின் இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும். தினமும் தேவைப்படும் ஏழு தளங்களை அங்கே பின் பண்ணி வைத்திருக்கிறேன். டேப்பைப் பின் பண்ணிவிட்டால் அது சுருங்கி, பெயர் போய், சின்னப் படமாக ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும். மூடும் குறி கிடையாது, அதனால் கை தவறி மூட முடியாது. கரண்ட் போய் வந்தாலும் அதே இடத்தில் இருக்கும். சாதிச் சான்று முதலாவது, வருமானச் சான்று இரண்டாவது, பட்டா மூன்றாவது. பார்க்காமலே கை போகும்.

நாத்தனாருக்குப் பின் பண்ணும் வழக்கமே கிடையாது. நாற்பது டேப் திறந்துவைத்துக்கொண்டு அதில் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பாள். "உன் பிரௌசர் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கு, புள்ளய தொலைச்சா கிடைக்காது" என்பேன். "கிடைச்சிடும் அண்ணி, மைக்குல சொல்லுவாங்க" என்பாள். இப்படியே பொழுது போகும்.

இப்போது அந்தக் கருத்து. பின் பண்ணிய டேப்பில் ஒரு இணைப்பைத் தொட்டால், என் பிரௌசரில் அது புது டேப்பில் திறக்கும். நல்லதுதான், பின் பண்ணிய பக்கம் கலையாமல் இருக்கும். ஆனால் அந்தப் புது டேப்பில் பேக் அம்பு வேலை செய்யாது. சாம்பல் நிறமாகிக் கிடக்கும். புது டேப்புக்குப் பழைய கதை எதுவும் இல்லையாம், அதனால் போக இடமில்லையாம். இதை யாரோ ஒரு படித்தவர் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நான் எங்கிருந்து வந்தேனோ அங்கே போவதுதான் பேக். பின் பண்ணிய டேப்பிலிருந்து வந்தால், அம்பை அழுத்தியதும் இந்த டேப்பை மூடிவிட்டு அந்த டேப்பில் கொண்டுபோய் விட வேண்டும். ஆளாளுக்குக் கையில் வைத்திருக்கும் போன் அதைத்தான் செய்கிறது. அதே மாதிரி, பின் பண்ணிய டேப்பில் பாதி நிரப்பிய படிவம் இருக்கும்போது பேக் அழுத்தினால், ஒரு வார்த்தை கேட்காமல் பின்னால் ஓடக்கூடாது. நகராமல் இருக்கட்டும் என்றுதானே அதைப் பின் பண்ணினேன்.

இந்தக் கருத்து சும்மா வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். முப்பத்தைந்தைத் தாண்டியவர். அரசு மாணவியர் விடுதி ஒன்றில் சமையலர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அன்று மாலை ஐந்தே முக்கால் மணியோடு கடைசி. அடுத்த முறை அழைக்கும்போது அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். ஒரு பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் ஆள் வராத நாளெல்லாம் மாற்று ஆளாக ஒன்பது வருடம் சமைத்தவர், அந்த அனுபவச் சான்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார்.

"ஏன்ம்மா கடைசி நாள் வரைக்கும் உட்டீங்க?" என்று கேட்டேன். என் வழக்கமான குரல்தான், அது கொஞ்சம் அதட்டலாகத்தான் இருக்கும்.

"தம்பிக்கு ஷிப்ட் ஒத்து வரலக்கா" என்றார்.

விஷயம் இதுதான். ஆதார் எடுத்த காலத்தில் அவர்கள் வீட்டில் போன் வைத்திருந்தது தம்பி மட்டும். அதனால் ஆதாரில் தம்பியின் எண். தளத்துக்குள் நுழைய ஓடிபி வேண்டும் என்றால் அது தம்பியின் போனுக்குத்தான் போகும். தம்பி ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். மூன்று மணி டீ நேரத்தில் வெளியே வந்து போனை வாங்கி, ஓடிபி வந்ததும் அக்காவுக்குக் கூப்பிட்டுச் சொல்வதாக ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்களின் ஆதார் இப்படித்தான் யாரோ ஒருவரின் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தச் சட்டை எந்த ஷிப்டில் இருக்கிறது என்று பார்த்துத்தான் நாங்கள் வேலை செய்ய முடியும்.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குத் தம்பி கூப்பிட்டார். ஆறு எண்ணைச் சொன்னார், போட்டேன், கதவு திறந்தது. போனைக் கேட்டில் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். ஓரத்தில் பின் பண்ணிய ஏழில் ஒன்றுதான் அந்தத் தளம். படிவம் ஆறு பக்கம். பெயர், முகவரி, படிப்பு, அனுபவம், எல்லாம் ஓடியது. ஐந்தாவது பக்கத்தில் சாதிச் சான்று வழங்கிய மாவட்டம் கேட்டது. அவருடைய சான்று பள்ளிக்கூட நாளில் வாங்கியது, அதில் பெரம்பலூர் மாவட்டம் என்று இருந்தது. இருக்கும் ஊரோ இப்போது அரியலூர் மாவட்டம். இரண்டும் சேர்ந்து, பிரிந்து, சேர்ந்து, பிரிந்த மாவட்டங்கள். எந்த மாவட்டத்தைப் போடுவது என்று எங்கள் கடையில் வாரத்துக்கு நாலு தடவை கேள்வி வரும். எதற்கும் விதிமுறையைப் பார்த்துவிடலாம் என்று பக்கத்தில் இருந்த இணைப்பைத் தொட்டேன். புது டேப்பில் திறந்தது. சான்றில் உள்ளபடியே போட வேண்டும் என்று தெளிவாக இருந்தது.

"பாத்தீங்களா, பெரம்பலூர்தான். எங்க ஊர விட முடியாது" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே பேக் அழுத்தினேன். போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். சாம்பல் நிறம். எரிச்சலோடு ஓரத்தில் இருந்த பின் பண்ணிய டேப்பைத் தொட்டேன், படிவம் வந்தது. ஆனால் மூளை இன்னும் பேக் போகவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. கை தானாகப் போய் அந்த அம்பை மூன்றாவது தடவை அழுத்தியது.

இங்கே அம்பு உயிரோடுதான் இருந்தது. படிவம் மறைந்து, எண் கேட்கும் முதல் பக்கம் வந்து நின்றது. முன்னால் போகும் அம்பை அழுத்தினேன். உங்கள் நேரம் முடிந்தது, மீண்டும் ஓடிபி பெறவும் என்றது. மணி மூன்று நாற்பது.

வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது. "சர்வர் போயிடுச்சுங்க" என்றேன்.

எங்கள் தொழிலில் இந்த வாக்கியத்துக்கு எதிர்க்கேள்வி கிடையாது. யாரும் பார்க்காத, திட்டினாலும் வருத்தப்படாத ஆள் சர்வர்தான். ஆனால் பக்கத்து நாற்காலியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்து, "எனக்கு வருதே அண்ணி" என்றாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். அவள் தன் நாற்பது டேப்புக்குள் திரும்பிப் போய்விட்டாள்.

அந்தப் பெண் பிளாஸ்டிக் உறையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல என்னக்கா தப்பு இருக்கு" என்றார். "தம்பி ஆறு மணிக்குத்தான் வெளில வரும். அவ்வளவுதான்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தி ஈடுகட்டியிருப்பேன், அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அவர் எனக்கு ஆறுதல் சொன்னதுதான் தாங்கவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து ஸ்கூட்டி சாவியை எடுத்தேன்.

"கெளம்புங்க, ரெட்டிபாளையம் போவோம்" என்றேன். நாத்தனாரிடம், "நீ என் சீட்டுல உக்காரு. எல்லா ஸ்கேனும் இவங்க பேருல ஃபோல்டர்ல இருக்கு. ஓடிபி சொன்னதும் உள்ள போயி மொதல்லேருந்து போடு. பேக்க மட்டும் தொடாத" என்றேன்.

"நான் தொட மாட்டேன் அண்ணி" என்றாள். 'நான்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஸ்கூட்டி ஓட்டுவது ஒரு தனி வேலை. முந்தினால் எதிரே இன்னொரு லாரி, முந்தாவிட்டால் தலையெல்லாம் வெள்ளை. கேட்டுக்குப் போனபோது மணி நாலு பதினைந்து. காவலாளி முதலில் முடியாது என்றார். நான் பேசினேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை, ஆனால் என் குரல் அன்று ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. அவர் உள்ளே இன்டர்காமில் சொல்ல, கால் மணி நேரத்தில் தம்பி முழங்கை வரை சாம்பல் பூசிய கையோடு ஓடிவந்தார். போனை வாங்கினார். நான் நாத்தனாருக்குக் கூப்பிட்டு ஓடிபி கேட்கச் சொன்னேன். வந்தது. தம்பி படித்தார், நான் சொன்னேன், அவள் போட்டாள்.

"உள்ள வந்துட்டேன் அண்ணி. மாவட்டம் எது?"

"சர்டிபிகேட்ல உள்ளபடி. பெரம்பலூர்."

"அப்படியா. சரி" என்று வைத்துவிட்டாள். தம்பி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினார். இனி எங்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் பதில் வராமல் திரும்ப எனக்குக் கால் வரவில்லை. எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நாலரை, நாலே முக்கால். அந்தப் பெண் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

நான் தப்புச் செய்தால் ஒப்புக்கொள்ளாத ஆள் இல்லை, ஒப்புக்கொள்ள நேரம் பார்க்கிற ஆள். இப்போதே சொல்லிவிட்டால் நல்லது என்று தோன்றியது. விண்ணப்பம் போன பிறகு சொன்னால் அது பெருமையாகிவிடும், போகாமல் போன பிறகு சொன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

"சர்வர்லாம் ஒண்ணும் போவலங்க. நான்தான் பேக்க அழுத்திட்டேன்" என்றேன்.

"தெரியும்க்கா" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"உங்க பக்கத்துலதான உக்காந்திருந்தேன். அந்த அம்ப மூணு தரம் அமுத்துனீங்க. மூணாவது அமுத்தப் போறப்பவே, வேணாம்க்கானு சொல்ல வாயெடுத்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

அவர் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வந்ததும் ஏன் கடைசி நாள்ல வரீங்கனு அதட்டுனீங்க. இதுவும் சொன்னா, வேற கடைக்குப் போங்கனு எந்திரிச்சிடுவீங்களோனு பயம். உங்க நாத்தனாரே வாய மூடிக்கிச்சு. நான் எந்த மூலைக்கு?"

விரல் அழுத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தத் தூசி, இந்த ஓட்டம், இந்த டீ எதுவுமே தேவைப்பட்டிருக்காது. அந்த வார்த்தை பக்கத்திலேயே இருந்தது. என் குரல்தான் அதை வரவிடவில்லை. பிரௌசர் செய்தவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் நியாயமானது, அதில் மாற்றமில்லை. ஆனால் அன்றைய கணக்கில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி.

ஐந்து பத்துக்கு நாத்தனார் கூப்பிட்டாள். "போயிடுச்சு அண்ணி. விண்ணப்ப எண் வந்துடுச்சு, பிரிண்ட்டும் எடுத்துட்டேன்." அந்தப் பெண் டீயை ஒரே மடக்கில் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக, என் மானிட்டரைப் பாதி திருப்பி, எதிரே உட்காருகிறவருக்கும் தெரியும்படி வைத்தேன். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் இதைச் சொல்கிறேன்: "பாத்துக்கிட்டே இருங்க. தப்பா எதாவது அமுத்தப் போறேன்னு தோணுனா உடனே சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." முதல் நாள் நாத்தனார் நாற்காலியைத் திருப்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கும் சேத்தா அண்ணி?" என்றாள். உனக்கும் சேர்த்துத்தான் என்றேன்.

இரண்டு மாதம் கழித்துத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தது. அந்தப் பெண் தம்பியின் போனையே கையில் வாங்கிக்கொண்டு வந்திருந்தார், தம்பிக்கு அன்று வார விடுமுறை. ஓரத்தில் இருந்த டேப்பைத் தொட்டு உள்ளே போனேன். தேர்வு மையம் பெரம்பலூரில். அங்கே போக வழி பார்க்க இணைப்பைத் தொட, புது டேப் திறந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படிப் போவது என்று சொல்லிக்கொண்டே, பழைய புத்தி, கை மறுபடியும் அம்புக்குப் போனது.

"அக்கா, அது வேணாம்" என்றார் அவர். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்த டேப்ப மூடுங்க."

கையை எடுத்துவிட்டு, மூடினேன்.