பூங்கா என்று குறித்திருந்த மேடு

தச்சநல்லூருக்கு வடக்கே ஏழு கிலோமீட்டரில் ஒரு தரிசு நிலம் வீட்டுமனைகளாகப் போகிறது என்று கேள்விப்பட்டு, கடந்த மாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். மனைக்கல் நடுவதற்குள் அங்கிருக்கும் பீடங்களையும் கிணறுகளையும் பழைய பாதைகளையும் வரைபடத்தில் குறித்துவிட வேண்டும். (பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். விடுமுறையிலும் அது விடுவதில்லை.)

நெல்லை சந்திப்பிலிருந்து காலை 7.10க்கு ஆட்டோ, காத்திருப்போடு 600 ரூபாய். ஓட்டுநர் இசக்கிக்கு முப்பது வயதிருக்கும். அந்த நிலத்தை ஒட்டிய ஊர்க்காரர்தான்.

"அங்கன என்னக்கா இருக்கு? வெறும் உடமுள்ளுக் காடுல்லா" என்று சிரித்தார்.

பதினொரு மணிக்குள் ஒரு சுடலைமாடன் பீடமும் இரண்டு கிணறுகளும் கிடைத்தன. இசக்கி நிழலில் உட்கார்ந்துவிட, நான் மட்டும் கிழக்கே நடந்தேன். முன்னால் மேய்ந்த ஆடுகள் ஒரு மேட்டருகே இரண்டாகப் பிரிந்து, அதைச் சுற்றிப் போய் மறுபடி சேர்ந்தன. மேட்டில் நல்ல பச்சைப்புல். ஓர் ஆடுகூட வாய் வைக்கவில்லை. காற்று நின்றுபோயிருந்தது. புல்லுக்குள் உள்ளங்கை அகலத்தில் கற்கள், எல்லாமே ஒரே திசையில் தலைவைத்துப் படுத்ததுபோல. என்னவென்று பார்க்கக் காலெடுத்து வைத்தேன்.

"யம்மா, மிதிச்சிராதிய! பிள்ளைய ஒறங்குது."

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்லம்மாள். ஐம்பது வயதுக்காரர். இறந்து பிறந்த குழந்தைகளையும், பெயர் வைக்கும் முன்பே போனவற்றையும் வீட்டுப் பெண்கள் இங்கேதான் கொண்டுவந்து புதைப்பார்களாம். பெற்றவள் எழுந்து நடமாடிய பிறகு கல்லை மட்டும் காட்டுவார்களாம். ஆண்களிடம் இந்தப் பேச்சே கிடையாது.

"அந்தா, மூணாவது கல்லு என்னுது. இருவத்திரெண்டு வருசமாச்சு. பேரு கேக்காதிய. வைக்கல."

கையிலிருந்த மனைப்பிரிவுப் படத்தைப் பிரித்தேன். அதே மேட்டில் பச்சை நிறமடித்து 'சிறுவர் பூங்கா' என்று எழுதியிருந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இங்கே ஊஞ்சல் போடப் போகிறார்கள், அக்கா."

செல்லம்மாள் கிட்டே வந்து படத்தை எட்டிப் பார்த்தார். "ஒங்க படத்துல மேட்டைச் சுத்தி ஒரு கோடு போடுங்க. அது போதும்."

போட்டேன். மறுவாரம் நானும் செல்லம்மாளும் அந்தப் படத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பதினான்கு பெண்கள் கையெழுத்துப் போட வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கும் அங்கே ஒரு கல் உண்டென்று பலருக்கு அன்றுதான் தெரிந்தது. இப்போது மேட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வேலை நடக்கிறது. எழுத்தில் இன்னும் எதுவும் தரவில்லை.

இப்படிக் குறிக்கப் போகிறவர்கள் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், முள் ஏறாத செருப்பும் கட்டாயம். ஆண்கள் ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தைப் பற்றிப் பெண்களிடம் தனியாக ஒருமுறை கேளுங்கள். இசக்கி பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. அன்று திரும்பும் வழியில், அந்த மேட்டைப் பற்றி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். எட்டு நாள் கழித்து ஒரு காலையில் அழைத்தார்.

"அக்கா, அம்மைட்ட கேட்டேன்" என்றார். "அங்கன எனக்கு ஒரு அண்ணன் இருக்கானாம்."