இரண்டு மச்சான்மாரின் சீடி பெட்டிகள்

போன வாரம் மகள் கொழும்பிலிருந்து வரும்போது பெருவிரல் அளவில் இரண்டு சாமான்கள் கொண்டுவந்தாள். ஒரு முனையை போனில் குத்தலாம், மறுமுனையில் ஹெட்போனைக் குத்தலாம்.

"இது என்ன, பென்டிரைவா?" என்று கேட்டேன்.

"இல்ல வாப்பா. டாக் எண்டு செல்றது. போன்ல இரிக்கிற பாட்டு வெறும் எண்தானே, அத சத்தமா மாத்துறது. ஒண்டு என்ட, மத்தது கூட்டாளிட. எது நல்லம் எண்டு நீங்கதான் செல்லணும். நீங்கதானே ரெக்கோடிங் பார்ல வேல செஞ்ச ஆள்."

மகள் அப்படிக் கேட்டால் எந்த வாப்பாதான் மாட்டேன் என்பான்? கண்ணை மூடிக்கொண்டு, விஷயம் தெரிந்தவனைப் போலத் தலையை ஒரு பக்கம் சரித்து, மாறி மாறிக் கேட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் காதில் மெல்லிய சத்தங்கள் எல்லாம் எப்போதோ விடைபெற்றுவிட்டன. நுளம்பு வந்தால்கூடக் கடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சாமான் வந்த டப்பாவைத் திறந்தபோது ஒரு மணம் வந்தது பாருங்கள், புது றப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த மணம். காது போனாலும் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மணம் என்னை நேரே தொண்ணூறுகளின் கல்முனைக்குக் கொண்டுபோய் விட்டது.

அப்போது சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினால், கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகளைத் திறப்பதைப் பார்க்க அரைத் தெரு கூடிவிடும். சாமானைச் சுற்றியிருக்கும் வெள்ளை ரெஜிபோம் உடையும் சத்தம் கேட்கும். பிறகு இந்த மணம் வரும். நான் பிரதான வீதியில் ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை செய்தேன். சனங்கள் பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள், நாங்கள் கசெட்டில் பதிந்து கொடுப்போம். எந்தப் பாட்டு எந்த டெக்கில் பதிந்தது என்று கேட்டவுடனேயே சொல்லிவிடுவேன் என்று நானே ஊரெல்லாம் பரப்பி வைத்திருந்தேன். காதுக்காரன் என்று பட்டமும் கிடைத்திருந்தது. தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

அந்தத் தலைக்கனத்தில் முதல் ஓட்டை போட்டவள் பரீதா. ஒருநாள் தன் ராத்தாவோடு, அதாவது அக்காவோடு, கடைக்கு வந்து ஒரு கசெட்டை மேசையில் வைத்தாள்.

"இது கொஞ்சம் இழுத்துப் பாடுது."

"அப்பிடி ஒண்டுமில்லயே," என்றேன், போட்டுக்கூடப் பார்க்காமல்.

அவள் கசெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் மனம் கேட்காமல், மூலக் கசெட்டை ஓடவிடும் டெக்கைக் கழற்றிப் பார்த்தால், பெல்ட் தளர்ந்து கசெட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக ஊருக்கே இழுத்துப் பாடும் கசெட் கொடுத்திருக்கிறேன். ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை, அவள் ஒருத்தியைத் தவிர. அன்றே என் ராத்தாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றேன்.

எங்கள் கரையோரத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். பரீதாவின் வாப்பா ஆதம்பாவா மாமா சாறன், அதாவது லுங்கி, விற்கும் கடை வைத்திருந்தார். மூன்று பெண்மக்கள். ஒரே வளவில், ஒரே மதிலுக்குள், மூத்தவளுக்கு ஒரு வீடு, அடுத்தவளுக்கு ஒரு வீடு, பரீதாவுக்காகக் கட்டத் தொடங்கிய வீட்டில் சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்து நின்றது. ஆகவே, அந்த வளவுக்குள் போகிறவன் ஏற்கெனவே அங்கே இருக்கும் இரண்டு மருமக்களுக்கும் பிடித்தவனாக இருக்க வேண்டும். அவர்கள் இரண்டு பேருமோ இரண்டு மாதமாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

காரணம், சீடி போட்டுப் பாட்டுக் கேட்கும் இரண்டு பெட்டிகள். மூத்தவளின் புருஷனை அண்ணன் முறையில் ஜுனைதீன் காக்கா என்போம், அவர் சவூதியிலிருந்து கொண்டுவந்தது பழைய மாதிரி, நல்ல பாரம், முகப்பில் பதினாறு பிட் என்று எழுதியிருந்தது. இரண்டாமவளின் புருஷன் நிஸார் காக்கா கட்டாரிலிருந்து கொண்டுவந்தது மெல்லிசானது, முகப்பில் ஒரு பிட் என்று எழுதியிருந்தது. "பதினாறு எங்க, ஒண்டு எங்க?" என்று ஜுனைதீன் காக்கா ஒருநாள் சிரித்திருக்கிறார். "அது பழங்காலத்துப் பெட்டி, இதுதான் இப்பத்தய கண்டுபிடிப்பு," என்று நிஸார் காக்கா திருப்பிக் கொடுத்திருக்கிறார். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நாலு வருஷம் பாலைவன வெயிலில் நின்றவனுக்கு அது வெறும் பெட்டியில்லை. அதைக் குறைவாகச் சொன்னால் அந்த நாலு வருஷத்தையும் குறைவாகச் சொன்ன மாதிரி.

என் ராத்தா போய்ப் பெண் கேட்ட பிறகு, ஆதம்பாவா மாமா ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். "மனே, நீ காதுக்காரன் எண்டு செல்றாங்க. வந்து இந்த வழக்கத் தீர்த்து வை." வீட்டை விட்டு இறங்கும்போது ராத்தா என் கையைப் பிடித்தாள். "ரெண்டு மருமகனும் ஓம் எண்டு சென்னாத்தான் உன்ட காரியம் நடக்கும். வாயக் கவனமா வெச்சிக்க."

கடைசியில் வந்த வட்டிலப்பம் என்ற இனிப்பு வரை சாப்பிட்டோம். பிறகு கடையிலிருந்து கொண்டுபோன அம்பிளிபயரில் இரண்டு பெட்டிகளையும் பொருத்தினேன். கஞ்சி மணம் மாறாத ஒரு புதுச் சாறனை விரித்துக் கட்டி, அதன் பின்னால் பெட்டிகளை மறைத்தார் மாமா. எது பாடுகிறது என்று எனக்குத் தெரியக்கூடாதாம். குர்ஆன் ஓதல் சீடியைப் போடலாம் என்று நிஸார் காக்கா எடுத்தபோது மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓதுறத வெச்சுப் போட்டி போடுறதா?" என்றார். கடைசியில் ஒரு பாட்டுச் சீடியை எடுத்தார்கள். ஒன்றுதான் இருந்ததால் மாமாவே அதை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றதில் போட்டார்.

தொடங்குவதற்கு முன் பதினாறு என்றால் என்ன, ஒன்று என்றால் என்ன என்று மாமா கேட்டார். சீடியில் இருப்பது எண்கள், அதைச் சத்தமாக்குவது உள்ளே இருக்கும் ஒரு குட்டி சிப் என்றேன். ஒரு பெட்டி பதினாறு படிக்கல் வைத்திருக்கும் கடைக்காரன் மாதிரி, வேண்டிய கற்களைச் சேர்த்து ஒரே தடவையில் நிறுத்துக் கொடுப்பான். மற்றவனிடம் ஒரு சின்னக் கரண்டிதான், ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் ஆயிரம் தடவை அள்ளிப் போட்டு அளவைச் சரியாக்கிவிடுவான். "அப்ப ரெண்டு பேருட்டயும் அதே ஒரு கொத்து அளவு அரிசி கிடைக்கும்தானே?" என்றார் மாமா. அந்தக் கேள்வியோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் உள் அறைக் கதவுக்குப் பின்னால் பரீதா நிற்பது தெரிந்தது, கதவின் கீழே காலடி நிழல் அசைந்தது. விட்டேனா?

முதலாவது பாடியது. இரண்டாவது பாடியது. இரண்டாவதில் மத்தளம் நெஞ்சில் வந்து அடித்தது, குரல் முன்னால் வந்து நின்றது. எனக்குச் சந்தேகமே இல்லை.

"ரெண்டாவதுதான் நல்லம்," என்றேன். "தெளிவு, ஆழம், எல்லாம் கூட."

மாமா சாறனை விலக்கினார். இரண்டாவது, நிஸார் காக்காவின் பெட்டி. அவர் துள்ளி எழுந்து கையைத் தட்டினார். ஜுனைதீன் காக்கா எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைக் காலால் தேடினார். யன்னல் மட்டத்தில் நின்ற அந்தச் சுவர் இனி எனக்காக எழும்பாது என்று நினைத்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டாவதுக்குச் சத்தம் கூட. ரெண்டையும் ஒரு அளவா வெச்சிட்டுக் கேளுங்களேன்."

கல்யாணம் பேசும் பெண் சபையில் வாய் திறப்பதா? மாமா கதவைத் திரும்பிப் பார்த்தார். எனக்கோ காது சுட்டது. ரேடியோ திருத்தப் பழகும்போது முதல் வாரமே சொல்லித் தரும் விஷயம் அது. கொஞ்சம் உரத்துப் பாடினால் எதுவும் நல்லதாகத்தான் கேட்கும். மின்சாரம் அளக்கும் மீற்றரைப் பையிலிருந்து எடுத்து ஸ்பீக்கர் வயரில் வைத்து, பாட்டின் ஒரே இடத்தை இரண்டு பெட்டியிலும் ஓடவிட்டு அளந்தேன். முள் ஒரே இடத்துக்கு வரும்வரை அம்பிளிபயரின் திருகியைத் திருப்பி, ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் கோடு போட்டேன். அம்பிளிபயரையும் உள்ளே வைத்து, கோட்டுக்குத் திருகியைத் திருப்பும் வேலையை மாமாவிடம் விட்டு, சாறனை மறுபடி கட்டினோம். ஜுனைதீன் காக்கா வாசலில் ஒரு செருப்போடு நின்றார்.

எட்டுத் தடவை கேட்டு, பாடுவது யாருடைய பெட்டி என்று சொன்னேன். சரியாகச் சொன்னது பாதி, பிழையாகச் சொன்னது பாதி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

"எனக்குத் தெரியல்ல மாமா," என்றேன். அவள் கேட்க அதைச் சொல்வது எவ்வளவு வெட்கம் என்று இப்போதும் என்னால் எழுத முடியவில்லை.

மாமா நெடுநேரம் சிரித்தார். "சாயம் போகுமா எண்டு கடையில கேப்பாங்க. தெரியா எண்டு சென்னா நம்பி வாங்கிட்டுப் போவாங்க. இந்தப் பொடியன நம்பலாம்." ஜுனைதீன் காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். "உங்கட பெட்டி நல்ல பாரம் மச்சான், தூக்க ஏலாது," என்றார் நிஸார் காக்கா. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவர்கள் கதைத்த முதல் கதை அது. பெருநாள் கழிய அந்தச் சுவருக்குக் கூரை போட்டார்கள்.

கல்யாணம் முடித்த முதல் வாரத்தில் பரீதாவிடம் கேட்டேன். "உனக்கும் தெரியல்லதானே?"

"தெரிஞ்சது," என்றாள். "ஒண்டு நல்லம்."

"எது?"

"செல்ல ஏலா. ரெண்டு ராத்தாவும் ஒரே வளவுலதானே இரிக்கணும்." சொல்ல முடியாதாம்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று நாங்கள் எல்லோரும் தப்பினோம், அல்ஹம்துலில்லாஹ். மூன்று வீடும் இரண்டு பெட்டியும் அந்தக் கதவும் போயின. இப்போது ரெக்கோடிங் பாரும் இல்லை, சீடியை யாரும் தொடுவதும் இல்லை. பரீதாவின் ஒரு ராத்தா சம்மாந்துறையில், ஒரு ராத்தா நிந்தவூரில். வளவு என்று ஒன்றே இல்லை. ஆகவே மகளின் சாமான்களைக் கீழே வைத்துவிட்டு, பரீதா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பி மறுபடி கேட்டேன்.

"இனிச் செல்லலாம்தானே? அண்டைக்கி எந்தப் பெட்டி நல்லம்?"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளின் ஹெட்போனைத் தன் காதில் மாட்டினாள். அந்த இரண்டு பெட்டிகளும் பாடிய விதம் இனி உலகத்தில் இருப்பது அந்தக் காதில் மட்டும்தான்.

"ராத்தாமார் ரெண்டு பேரும் நல்லா இரிக்காங்களே, அல்லாஹ் காப்பாத்தட்டும்," என்றாள். "இப்பவும் செல்ல ஏலா."

பிறகு மகளைப் பார்த்து, "ரெண்டையும் ஒரு அளவா வெச்சியா மகள்?" என்று கேட்டாள்.