பால் டிப்போ வாசலில் புத்தக வண்டி

"எங்க காலனிக்குப் புத்தக வண்டி வரணும் சார்" என்றாள் வள்ளியம்மை.

நூலக அதிகாரி ஃபைலிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எந்தக் காலனி?"

"லோதி ரோடு."

"அங்கேயிருந்து லைப்ரரிக்கு நேர் பஸ் இருக்கிறதே."

"இருக்கு சார். அதுலதான் வந்தோம். ஒரு நாளைக்கு நீங்களும் ஏறிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

"சரி, வண்டி வந்தால் யார் படிப்பார்கள்?"

"பொம்பளைங்க."

"அவர்களுக்கு நேரம் ஏது?"

"உங்க வீட்டுல கேட்டீங்களா?"

கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பியூன் சிரித்துவிட்டான். அப்போதுதான் அதிகாரி நிமிர்ந்தார். "உங்கள் காலனியில் பாதிப் பேர் மதராசிகள். எங்களிடம் தமிழ்ப் புத்தகம் ஒரே ஓர் அலமாரிதான்."

"அது தீர்றதுக்குள்ள இந்தி படிச்சுக்குறோம்."

"உங்களுக்கு இந்தி வருமா?"

"இவ்வளவு நேரம் எதுல பேசிக்கிட்டு இருக்கேன்?"

"அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் அதிகாரி.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார். "மூன்று மாதம் பார்க்கலாம். புதன்கிழமை சாயங்காலம். எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். அதற்குள் அறுபது பேர் உறுப்பினராகாவிட்டால் வண்டி வேறு காலனிக்குப் போய்விடும். கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள்."

"அச்சா" என்று எழுந்துவிட்டாள். அவர் மனம் மாறுவதற்குள் வெளியே போய்விட வேண்டும் என்ற அவசரம். பேச்சுக்குத் துணையாக அழைத்து வரப்பட்டிருந்த காமாக்ஷிக்கு வாயைத் திறக்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

இது எழுபத்தெட்டாம் வருஷம் டில்லியில் நடந்தது. காமாக்ஷி அப்போது பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சேஷன் ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். கீழ் வீட்டு வள்ளியம்மைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேலூர்க்காரி, பத்தாவது வரை படித்தவள். கணவர் ஜோதிலிங்கம் ராணுவக் கிடங்கு அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் ஒரு நாளைக்குப் பேசுவதை அவள் ஒரு மூச்சில் பேசிவிடுவாள்.

அவளுக்குப் படிக்கக் கிடைக்காததுதான் குறை. மாடிக்குச் சர்க்கரை கேட்டு வருவாள். கூடத்தில் வார இதழ் கிடந்தால், நின்றபடியே ஒரு தொடர்கதையை முடித்துவிட்டு, சர்க்கரையை மறந்து இறங்கிப் போவாள். "உக்காந்தாவது படியேன்டிம்மா" என்பாள் காமாக்ஷியின் அம்மா. "உக்காந்தா நேரமாயிரும்க்கா" என்பாள். ஒருநாள் சேஷனிடமே கேட்டாள், "சார் வீட்ல பொஸ்தகம் ஏதும் இல்லியா?" "ரயில்வே டைம்டேபிள் இருக்கு" என்றார் அவர். அதையும் வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்தாள்.

வண்டி வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய பஸ். உள்ளே இரு பக்கமும் புத்தகத் தட்டுகள், கோடியில் முத்திரை குத்த ஒரு குட்டி மேஜை. பூங்கா ஓரத்து வேப்பமரத்தடியில் நல்ல நிழல் என்று வள்ளியம்மை அங்கே நிற்கச் சொன்னாள். நிழல் நல்லதுதான்; ஆள்தான் இல்லை. ஆண்கள் ஆபீசில். பெண்களைக் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "பால் வாங்கப் போகணுமே."

இப்படியே நான்கு புதன்கிழமை போயிற்று. சேர்ந்தவர்கள் பதினோரு பேர். அதில் வள்ளியம்மை வீட்டிலேயே மூன்று பேர்.

"பேசாம விட்டுடலாமேக்கா" என்றாள் காமாக்ஷி.

"விடுறதுக்கா அந்தப் பஸ்ஸுல நசுங்கிப் போயிட்டு வந்தோம்? அவுங்க வண்டிக்கு வரமாட்டாங்கன்னா, வண்டி அவுங்ககிட்டப் போகட்டும்."

அடுத்த புதன் வண்டி பால் டிப்போ வாசலில் நின்றது. டில்லியில் பால் வரிசையில் மனிதர்கள் நிற்பது குறைவு. காலி பாட்டில்கள்தான் நிற்கும். பாட்டில் வைத்த கம்பிக் கூடையை வரிசையில் வைத்துவிட்டு, லாரி வரும்வரை சுவரோரம் நின்று அக்கப்போர் பேசுவார்கள். அன்று கூடைகளை வைத்துவிட்டு அத்தனை பேரும் வண்டியில் ஏறினார்கள். நிற்க இடமில்லை. கன்னட மாமி ஒருத்தி சமையல் புத்தகம் கேட்டாள். பஞ்சாபிப் பெண்கள் இந்தி நாவல் தட்டைக் காலி செய்தார்கள். காமாக்ஷியின் அம்மா ஒரு தமிழ் நாவலை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேஜையில் முத்திரை டொக் டொக்கென்று விழுந்துகொண்டே இருந்தது.

அந்தச் சத்தத்தில் பால் லாரி வந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. டிப்போக்காரர் ஜன்னலைத் திறந்து இரண்டு முறை குரல் கொடுத்துப் பார்த்தார். பிறகு எதிரே வந்து நின்றவர்களுக்கெல்லாம் இருந்த பாலை விற்றுத் தீர்த்தார். பெண்கள் புத்தகமும் கையுமாக இறங்கியபோது டிப்போ மூடியிருந்தது. காலி பாட்டில்கள் மட்டும் வரிசை கலையாமல் நின்றன.

அன்று சாயங்காலம் நான்கு பிளாக்கிலும் காப்பி இல்லை.

சேஷன் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். மனைவி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "பால் இல்லை, எலுமிச்சம்பழம் இருக்கு" என்றாள். அடுத்த நிமிஷம் அவர் கீழ் வீட்டு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் படியெல்லாம் கணவன்மார்கள். காமாக்ஷி மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, இதென்ன அநியாயம்? நாள் பூரா ஆபீஸ்ல ஒழைச்சுட்டு வந்தா ஆத்துல ஒரு சொட்டுப் பால் கிடையாதா?"

"தப்புத்தான் சார். வாரத்துல ஒரு நாள்..."

"ஒரு நாளும் கூடாது! வண்டி எங்க வேணா நிக்கட்டும், டிப்போகிட்ட வேண்டாம். இல்லேன்னா நாளைக்கே நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு நூலகத்துக்கு அனுப்பிடுவோம்."

டிப்போவை விட்டால் அறுபது பேர் சேரப்போவதில்லை. வள்ளியம்மையின் முகம் அப்படிச் சுருங்கிக் காமாக்ஷி பார்த்ததில்லை. ஜோதிலிங்கம் உள்ளேயிருந்து, அந்த வாரத்திலேயே முதல் தடவையாகக் குரல் கொடுத்தார்: "இன்னும் ஒரே ஒரு வாரம் விடுங்க சார். அன்னைக்கும் காப்பி இல்லன்னா மொத கையெழுத்து என்னோடது."

அவர் பேசிவிட்டதே அதிசயம் என்பதால் எல்லோரும் சம்மதித்தார்கள்.

வள்ளியம்மை மறுவாரம் வண்டி வந்ததும் நேராக டிரைவரிடம் போனாள். "பையா" என்று இந்தியில் அண்ணன் முறை வைத்தாள். "ஒங்க சீட்டுலேருந்து பாத்தா அந்தத் திருப்பம் தெரியுதா?" தெரிந்தது. பால் லாரி திரும்பியதும் ஹார்ன் அடிக்க வேண்டும் என்றாள். "என்ன கிடைக்கும்?" என்றார் அவர். "டம்ளர் நெறையா மதராசி காப்பி." "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சேஷன் அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டு, மேற்பார்வைக்கென்று பால் வரிசைக்கே வந்து நின்றார். வெயில் பொறுக்காமல் சற்று நேரத்துக்கு வண்டிக்குள் ஏறினார். ஹார்ன் அடித்தது. பெண்கள் படியில் தொபுதொபுவென்று குதித்தார்கள். "தீதி, முத்திரை! தீதி, முத்திரை!" என்று கத்திக்கொண்டே மேஜைக்காரர் பின்னால் ஓடினார். எல்லாக் கூடைக்கும் பால் கிடைத்தது. உள்ளே ஒரே ஒருவர் மட்டும் ஹார்ன் கேட்காமல் நின்றுகொண்டிருந்தார். இமயமலை யாத்திரையைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை விரித்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி. "நீங்களும் மெம்பர் ஆயிருங்க சார்" என்றாள் வள்ளியம்மை. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் முடிவதற்கு முன்பே கணக்கு அறுபதைத் தாண்டியது. டிப்போ வாசல் அந்த வண்டிக்கு நிரந்தர இடமாயிற்று. மற்றக் காலனிக்காரர்கள் வந்து, எந்த அதிகாரியைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது என்று விசாரித்தார்கள். வள்ளியம்மை எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "மொதல்ல உங்க டிப்போ எங்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க" என்றுதான் தொடங்குவாள்.

எண்பத்தொன்றில் ஜோதிலிங்கத்துக்கு ஜபல்பூருக்கு மாற்றலாயிற்று. சாமான் கட்டிக்கொண்டிருந்த அன்று, கையில் சணல் கயிற்றோடு வள்ளியம்மை மாடிக்கு வந்தாள். வண்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று காமாக்ஷிக்குத் தோன்றியது. "கவலைப்படாதீங்கக்கா, புதன்கிழமை நான் போயிடறேன்" என்றாள்.

"அது கெடக்கு. ஒங்கப்பா இருக்குற வரைக்கும் அந்த வண்டிய எவனும் நகத்த முடியாது. நான் வந்தது வேற விசயமா. ஜபல்பூருல நாங்க போற குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு லைப்ரரியும் இல்லையாம், இவுங்க விசாரிச்சுட்டாங்க. அந்த ஊரு பெரிய ஆபீசருக்கு நீ ஒரு லெட்டர் எழுதிக் குடு காமாச்சி. எங்க சாமான் போயி எறங்குறதுக்கு முந்தி அது அவரு மேசையில இருக்கணும். நல்ல இங்கிலீசுல, பணிவாத்தான் எழுது. ஆனா, இந்தப் பொம்பள விடமாட்டான்னு அவருக்குப் புரியணும்."