தங்கையன் ஏறாத வண்டி

போன சனிக்கிழமை பாறசாலையிலிருந்து அமரவிளைக்கு எங்கள் எல்லைப் போராட்ட ஊர்வலம் போயிற்று. கடைசியில் ஒரு மாட்டுவண்டி. வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்த வண்டி. உள்ளே ஆள் இல்லை!

பிள்ளைகளே, ஆளில்லாத வண்டி எதற்கு என்கிறீர்களா? அது என் சிநேகிதன் தங்கையனுக்காக வந்த வண்டி.

தங்கையனுக்கு மைக் வேண்டாம். "எங்கள் ஊரைத் தமிழ்நாட்டோடு சேர்!" என்று கத்தினால் நாலு விளை, அதாவது நாலு தோப்பு, தாண்டிக் கேட்கும். குரல் பெரிது... உடம்பும் பெரிது. கூடவே முட்டுவலி. முழங்கால் வலியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

முந்தைய ஊர்வலத்தில் நடக்க முடியாமல் வண்டியில் உட்கார்ந்து கோஷம் போட்டான். டீக்கடை வாசலில் ஒருவன் மலையாளத்தில் கேட்டான்: "அண்ணா, மதராசிலேக்கு வண்டியிலாணோ போக்கு?" மதராசுக்கு வண்டியிலேயே போகிறாயா என்று கிண்டல்.

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையன் பாதிக் கோஷத்தில் நிறுத்திவிட்டான்.

"இனி நடந்து வாறேன் ஓய். இல்லேன்னா வரவே இல்ல" என்றான் என்னிடம்.

எங்கள் ஊரில் ஒருவனுக்கு வலி என்றால் என்ன செய்வோம்? பார்க்கப் போவோம். வெறுங்கையோடா போவோம்? நான் என் கடையிலிருந்து ஒரு ஏத்தன் வாழைக்குலை கொண்டுபோனேன். சர்ச் ஆட்கள் கோழி சூப்பு. மாமியார் வீட்டிலிருந்து நெய். "முட்டுக்குப் பலம் வேண்டாமா மக்கா, தின்னு!"

அவனும் கட்டிலில் கிடந்து தின்றான். முட்டுக்குப் போகும் என்று நாங்கள் நினைத்ததெல்லாம் வயிற்றோடு நின்றுவிட்டது. வலியோ கூடியது.

கடைசியில் நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார்.

"ரெண்டு எலும்பு சேருகிற இடத்தில் மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கிறது. நடக்கும்போது உடம்புப் பாரம் பல மடங்காக அதன்மேல் இறங்கும். பாரம் கூடினால் மெத்தை தேயும். மூட்டைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. கட்டிலில் கிடந்தால் அதுவும் இளைத்துவிடும்."

"அப்போ நடக்கணுமா டாக்டரே? நடந்தா உயிரு போவுதே!"

"தண்ணீரில் நடங்கள். அங்கே உடம்பு கனக்காது."

மறுநாள் முதல் ஊர்க்குளத்தில், நெஞ்சளவுத் தண்ணீரில் தங்கையன் நடந்தான். குளிக்க வந்தவர்கள் விடுவார்களா?

"எலே, எருமை எறங்கியிருக்கு! கொளம் பொங்குது!"

அவன் கோபப்படவில்லை. கையைத் தூக்கிக் கோஷம் போட்டுக்கொண்டே நடந்தான் — குளத்துக்குள் ஒற்றை ஆள் ஊர்வலம்! சிரித்தவர்களே சில நாளில் கரையிலிருந்து பதில் கோஷம் போட்டார்கள்.

வீட்டு வாசலில் அவன் மனைவி செல்லம்மை காவல். "பழமா? கொண்டு போவும் அண்ணாச்சி. இவிய முட்டு திங்கல்ல, வாயாக்கும் திங்குது!" மரச்சீனிக் கிழங்கு பாதியானது, கீரை கூடியது. மாதங்கள் போயின. தங்கையன் ஒல்லியாகிவிடவில்லை. வேட்டி கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியது, அவ்வளவுதான். ஆனால் குளத்திலிருந்து ரோட்டுக்கு ஏறிவிட்டான்.

சனிக்கிழமை முன்வரிசையில் நடந்தான். எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியைப் பின்னால் ஓட்டிவந்தோம். அதே டீக்கடை வந்தது. தங்கையன் நின்றான், குனிந்து முட்டைத் தடவினான். போச்சு, இனி வண்டிதான் என்று நினைத்தேன்!

கடை வாசலில் அதே ஆள். தங்கையன் நிமிர்ந்தான். அவன் போட்ட கோஷத்தில் வண்டி மாடு மிரண்டது. அந்த ஆள் உள்ளே போய் ஒரு கிளாஸ் சாயா கொண்டுவந்து நீட்டினான். "குடிக்கண்ணா."

குடித்துவிட்டு, அமரவிளை வரை நடந்தான் என் சிநேகிதன்!

பிள்ளைகளே, பெரிய உடம்பைக் கண்டு சிரிக்காதீர்கள். அந்த முட்டு எவ்வளவு சுமக்கிறது என்று யோசியுங்கள். உங்கள் முட்டுக்கும் அதிகப் பாரம் வைக்காதீர்கள். சும்மா கிடக்கவும் விடாதீர்கள்.

திரும்பும்போது வண்டி காலியாக வரவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தும், நாள் முழுக்கக் கடை ஸ்டூலை விட்டு எழும்பாத ஒருவர் முட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வேறு யார்? நான்தான்.

தங்கையன் நடந்தபடியே வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்: "முட்டா ஓய்? கெடயும், கெடயும். நாளைக்கு ஏத்தன்குலையோட பாக்க வாறேன்!"