கத்துறது பின்னால, கத்தாதது முன்னால

நாய் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவளை நாய் கடிப்பது அபூர்வம். கூட வருகிறவர்கள்தான் கடிப்பார்கள். ரேஷன் கடையிலோ ஸ்கேன் சென்டரிலோ வரிசையைக் கட்டி மேய்க்கிற அக்கா தங்கச்சிகளே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

டாக்டரம்மா போட்ட சட்டம்

கேளம்பாக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டரம்மா ஒரு சட்டம் போட்டார். டோக்கன் நம்பரைவிடக் குரலைப் பார்க்கணுமாம். ஊரையே கூட்டுகிற நாய் காத்திருக்கலாம். வாயைத் திறந்தும் சத்தம் வராத ஜீவன் உடனே உள்ளே வரணும். மூச்சை வெளியே விடும்போதுதான் குரல் எழும்பும். இரண்டையும் ஓட்டுகிற நரம்புகள் மூளையின் அடியில் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரியாம். காற்று பத்தாமல் போனால் மூளை குரலை நிறுத்திவிட்டு மூச்சை மட்டும் கவனிக்கும்.

தலையாட்டிவிட்டு யோசித்துப் பார்த்தேன். தப்பாக ஒன்றை உட்காரவைத்து, அது பெஞ்சிலேயே போய்விட்டால்? பயமாக இருக்கு மேடம் என்றேன்.

"பயப்படு, நல்லதுதான். பயப்படுறவதான் அப்பப்ப எட்டிப் பார்ப்பா."

குழாயைத் திற

ஐ.டி. கம்பெனித் தம்பி ஒருவர் சளி பிடித்த பூனையைக் கொண்டுவந்தார். டாக்டரம்மா அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒரே 'குர்ர்ர்'. மற்றதெல்லாம் மூச்சை விடும்போது கத்தும். பூனையோ இழுக்கும்போதும் குர்ர், விடும்போதும் குர்ர். மிக்ஸி ஓடும்போது போன் பேசுகிற கதைதான்.

"சுமதி, குழாயைத் திற" என்றார். தண்ணீர்ச் சத்தத்தில் பூனை மிரண்டு குர்ரை நிறுத்தும், அந்த இடைவெளியில் நுரையீரலைக் கேட்டுவிடலாம். இதெல்லாம் அந்தத் தம்பிக்குத் தெரியுமா? பூனையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அக்கா, சளின்னு கூட்டினு வந்தா பச்சத்தண்ணில குளிப்பாட்றீங்களே!"

பூங்காவனத்தின் ஆடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் நிற்க இடமில்லை. நகம் வெட்ட வந்த ராக்கி என்ற நாய் குரைத்தே கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அப்போது மாமல்லபுரம் பக்கமிருந்து பூங்காவனம் என்கிற அம்மா, ஷேர் ஆட்டோவில் ஆட்டை மடியில் போட்டு வந்து இறங்கினாள். கல்யாண மண்டபத்து மீதிச் சோற்றைத் தின்றுவிட்டதாம். வயிறு மத்தளம். வாய் திறந்திருந்தது, சத்தமில்லை.

"கத்துடி, ஒருவாட்டி கத்துடி" என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். நான் நம்பரைப் பார்க்கவில்லை, நேரே உள்ளே தள்ளினேன். ராக்கியின் சொந்தக்காரர் எகிறினார்: "என் புள்ள அழுதுகினு கீது, சும்மா கெடக்குற ஆட்ட உள்ள வுடுற. இன்னாம்மா நியாயம் இது?"

வீங்கின வயிறு நுரையீரலை அழுத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மா வாய்வழியாக டியூப் விட்டதும் 'புஸ்'ஸென்று காற்று வந்தது. டியூபை எடுத்தார். ஆடு இழுத்து இழுத்து மூச்சு விட்டது, கத்தவில்லை. பூங்காவனம் என் கையை நசுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, கரகரவென்று ஒரு "ம்மே". பூங்காவனம் ஆட்டைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழ, கதவிடுக்கில் ராக்கிக்காரர் தலை நீட்டினார்.

"அதான் இப்ப கத்துதில்ல? பின்னால அனுப்பிட்டு எங்கள வுடு!"

இந்த வேலைக்கு வந்தபிறகு, வீட்டில் என் பிள்ளைகள் இரண்டும் தொண்டை கிழியக் கத்தும்போது நிம்மதியாகக் குழம்பு தாளிக்கிறேன். சத்தம் நின்றால்தான் கரண்டியோடு ஓடுகிறேன்.