திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

எதைத் திருத்தினாலும் பக்கத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் செல்லாது என்று ஒன்பதாம் வகுப்புவரை நம்பிக்கொண்டிருந்தேன். நேற்று பதிவு அலுவலகத்தில் ஸ்டாம்ப் பேடு மை மணந்ததும் கண் தானாகச் சொக்கியது. எண்பதுகளின் விழுப்புரம், வேப்பமர நிழலில் பத்திரம் எழுதும் அப்பா, காற்றில் மெல்லப் படபடக்கும் முத்திரைத்தாள். ஒவ்வொரு அடித்தலுக்குப் பக்கத்திலும் எழுதிக்கொடுப்பவரின் கையெழுத்தை வாங்காமல் விடமாட்டார்.

அதே பக்தியோடுதான் திண்டிவனம் ஹாஸ்டலில் தங்கிப் படித்த நான் ஆங்கில முழுப்பரீட்சை எழுதினேன். 'ஹேப்பி டு கோயிங்', 'ஈஸி டு லேர்னிங்' மாதிரி வாக்கியங்களைத் திருத்தச் சொல்லியிருந்தார்கள். திருத்தி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுழித்துக் கையெழுத்திட்டேன்.

“பரீட்சைப் பேப்பர்ல கையெழுத்தாடா? செல்லாது. இன்னொரு வருசம் ஒன்பதாவதுதான்!” என்றான் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கூடப்படிக்கும் சேகர். பஸ் நின்ற இடத்திலெல்லாம் என்னைப் பிடிக்க ஆள் ஏறுவதாகவே தோன்றியது.

அப்பாவிடம் அழுதேன்.

“போடாம வந்திருந்தாதான்டா தப்பு. இதுக்குப் போய் அழுதுக்கினு கீற!” என்றார், பெருமையாக.

பெயிலாகிவிட்டேன். பள்ளி திறந்ததும் இங்கிலீஷ் சார் விடைத்தாளைக் காட்டினார். கையெழுத்துக்காக ஒரு மார்க்கும் குறைக்கவில்லை. நான் திருத்திய வாக்கியங்கள் அத்தனையும் தப்பு.