சாட்சிக்கு வராத தெரு

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் தெருக் கால்வாயை மூடி அதன்மேல் கவுன்சிலர் கடை கட்டினார். அதற்குப் பிறகு மழை பெய்தால் தண்ணீர் வீடுகளுக்குள் வந்து தறிக்குழிகளை நிரப்பியது. நகராட்சிக்குக் கொடுத்த மனுவில் தெருவே கையெழுத்துப் போட்டது. நகராட்சி அசையவில்லை. கவுன்சிலர் மேல் ஆரணி கோர்ட்டில் நானே வழக்குப் போட்டேன்.

இரண்டு வருடம் வாய்தாவில் போனது. சாட்சி விசாரணை அன்று பக்கத்து வீட்டுக்காரரை அழைக்கப் போனேன். தறியில் பாவு நூலைப் பிணைத்தபடியே, தலை நிமிராமல் சொன்னார்: "நேத்து கவுன்சிலர் வந்து ரொம்ப நேரம் பேசிகினு இருந்தாருங்க. பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கேன். என்னை வுட்டுடுங்க."

கோர்ட்டில் தனியாகத்தான் நின்றேன்.

"தெரு முழுக்கத் தண்ணி வந்துச்சுங்கறீங்க. ஒருத்தர்கூட வரலையே?" என்றார் நீதிபதி.

"பயப்படறாங்கய்யா."

"யாருக்கு?"

பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த கவுன்சிலரைக் காட்டினேன். "அதுக்கு சாட்சி இருக்கா?" என்று அவருடைய வக்கீல் கேட்டார். யாரோ சிரித்தார்கள்.

வழக்கு தள்ளுபடியானது. பயந்தவன் சாட்சி சொல்ல மாட்டான். சாட்சி இல்லாவிட்டால் கோர்ட் கேட்காது. அப்படியானால் பயந்தவன் எங்கே போவான் என்று யோசித்தபடியே நடந்து வந்தேன்.

தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை.